பெக்கோக்குக்குப் போன பெட்டிகள்

ஜொகூர் மாநிலத்தில் கோணலாக இருந்த எதையும் அடிக்கோல் அண்ணன் விட்டுவைத்ததில்லை. சாய்ந்து நின்ற விளக்குக் கம்பத்தை மட்டும் விட்டார். தூக்க ஆள் கிடைக்கவில்லை.

ஜொகூர் பாருவில் நான் சேர்ந்த மென்பொருள் நிறுவனத்தில் அவர் மூத்த புரோகிராமர். தங்காக் ஜவுளிக்கடைக்காரர் மகன். துணியைப் போலப் புரோகிராமையும் மடிப்புக் கலையாமல் வைக்க வேண்டும் என்பார். திரைமேல் அடிக்கோலை வைத்து அளப்பார். ஒரு வரி தள்ளியிருந்தால் போதும், ஃபைல் முழுவதையும் நிமிர்த்திவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கப் போவார்.

நிமிர்த்தினால் என்ன குடியா முழுகிப்போகும் என்பீர்கள். எங்கள் எல்லாருடைய வேலையையும் ஒன்றுசேர்ப்பது கிட் என்ற மென்பொருள். எந்த வரியை யார் கடைசியாகத் தொட்டார் என்று பெயரோடு குறித்துவைக்கும். அண்ணன் ஓர் இடைவெளியைத் தட்டினாலும் அந்த வரி அவர் பெயருக்குப் போய்விடும். நான் இரண்டு வரி திருத்துவதற்குள் அவர் ஆயிரம் வரியை நிமிர்த்தியிருப்பார். இரண்டையும் சேர்க்கப் போனால் சந்தைக்கடைச் சண்டைதான்.

"அண்ணே, என் வேலையோட மோதுது. மறுபடி முதல்லேருந்து சேர்க்கணும்!"

"அலமாக்! கோணலா இருந்துச்சுமா. அப்புறம் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

அந்த அடிக்கோலை ஒடித்து அடுப்பில் போடலாமா என்று பலநாள் நினைத்திருக்கிறேன்.

என் புரொபேஷன் முடிய இரண்டே வாரம். ஃபிரிட்ஜ் மாதிரி வீட்டுச் சாமான் அனுப்பும் ஒரு கிடங்குக்கு முகவரிச் சீட்டு அச்சிடும் புரோகிராம் எழுதினேன். சோதித்துப் பார்க்க, பெக்கோக்கிலிருக்கும் என் சித்தி வீட்டு முகவரியைப் போட்டவள், எடுக்க மறந்துவிட்டேன். மறுநாள் வழக்கம்போல அண்ணன் அந்த ஃபைலை நிமிர்த்தினார். அதற்கடுத்த நாள், பினாங்குக்குப் போக வேண்டிய பெட்டிகூடப் பெக்கோக்குக்குப் போனது.

சித்தி போனில் கத்தினார். "ஏன்டி, வாசல்ல மூணு ஐஸ்பெட்டி நிக்குது! யாருக்குடி கல்யாணச் சீரு?"

அழாத குறையாக அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாய் திறப்பதற்குள் மேனேஜர் மேடம் வந்துவிட்டார்.

"இது யாரு வேலை? புது ஆளா இருந்தா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றபடி கிட்டைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை அண்ணன் பெயர்தான்.

"நீங்களா?"

"என் பேருதானே இருக்கு மேடம்."

"தங்காக்காரருக்குப் பெக்கோக்ல யாரு?"

"எங்க சித்தி லா."

"மேடம், அது வந்து..." என்று நான் எழுந்தேன். மேசைக்கடியில் அடிக்கோல் என் முழங்காலைப் பதம் பார்த்தது.

"உக்காருமா" என்றார் அண்ணன்.

மூன்று மாதத்துக்கு அவர் எந்த ஃபைலையும் நிமிர்த்தக் கூடாது என்று தண்டனை. கோணல் வரிகளைப் பார்த்துக்கொண்டு, பல்வலி வந்தவர்போல் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எனக்கு வேலை நிரந்தரமானது. கடிதத்தைப் பார்த்து அவர் சிரித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரமே அவரைப் பெக்கோக்குக்கு அழைத்துப் போனேன்.

"இது யாருடி?" என்றார் சித்தி.

"உங்க மூத்த பிள்ளை, சித்தி. ஆபீஸ்ல உங்க முகவரிக்கு நேரா இவர் பேரை எழுதியே வச்சிருக்கு."

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அந்தக் குறை அன்றோடு தீர்ந்தது.