போகக்கூடாத டாக்டர்

கல்யாணமாகிப் பதினான்காம் வருடம், 1971-இல், நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். இனி ரத்தினபாய் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகத்தான் நடப்பது. தாம்பரத்தில் ஒரு கணவனாவது தலைநிமிர்ந்து வாழவேண்டும் அல்லவா?

அப்போது எனக்கு இடுப்பில் படர்தாமரை. இரண்டு வருடமாக. கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினால் பத்து நாள் அடங்கும். பிறகு இன்னும் பெரிய வட்டமாக வரும். உள்ளாடைகளை நானே ரகசியமாகத் துவைத்து, பீரோவுக்குப் பின்னால் காயப்போடுவேன். விஷயம் எனக்கும் பீரோவுக்கும் மட்டுமே தெரியும் என்று நம்பினேன்.

சர்ச்சில் வேதபாடம் வாசிப்பவன் நான். ஒரு ஞாயிறு, வாசித்துக்கொண்டிருக்கும்போதே கை என்னைக் கேட்காமல் இடுப்புக்குப் போய்விட்டது. சபையே பார்த்தது.

"ஈஸ்டருக்கு வேற யாரையாவது வாசிக்கச் சொல்லலாமா, வேதசிரோமணி சார்?" என்று போதகர் கனிவாகக் கேட்டார். ஈஸ்டருக்கு எட்டு வாரம்தான் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் ரத்தினபாய் அடுத்த வீட்டு அமலராணியிடம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்க எட்மண்ட் அண்ணனுக்குப் படர்தாமரை. பல்லாவரத்துல ஸ்ரீநிவாசராகவன்னு ஒரு டாக்டர். அவர்கிட்ட மட்டும் போகவே கூடாது, அமலா. சுத்த வேஸ்ட்!"

வெள்ளிக்கிழமையே போனேன். சந்தைக்கு என்று சொல்லி, பையோடு.

டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "ஃபங்கஸ்தான். எட்டு வாரம் மாத்திரை. அரிப்பு நின்னாலும் நிறுத்தக்கூடாது. நெய், பால்னு கொழுப்போட சாப்பிட்டாத்தான் மருந்து உடம்புல சேரும். துணியை வெயில்ல காயவைங்க."

மூன்றாம் வாரம் அரிப்பு நின்றது. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றிருந்தேன்.

"அண்ணன் மூணே வாரத்துல மாத்திரையை நிறுத்திட்டாராம். புத்திசாலி!" என்றாள் ரத்தினபாய்.

உடனே ஒன்றை எடுத்து விழுங்கினேன்.

"நெய் ஊத்திக்காதீங்க, தொப்பை விழும்."

ஊற்றிக்கொண்டேன்.

"வெளிக்கொடியில எதையும் போடாதீங்க. வெயில்ல வெளுத்துடும்."

என் உள்ளாடைகள் தெருவே பார்க்கப் பறந்தன.

ஈஸ்டரன்று வேதாகமத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி வாசித்து முடித்தேன். கண் கலங்கியது.

அடுத்த வெள்ளி டாக்டர் சிரித்தார். "சுத்தமா போயிடுச்சு. உங்க மிசஸுக்குப் போன மாசமே குணமாயிடுச்சு."

"அவளுக்கா?"

"உங்ககிட்டேருந்து தொத்தினதுதான். 'வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க'ன்னேன். 'கூப்பிட்டா வரமாட்டார் டாக்டர், போகக்கூடாதுன்னு சொல்லி அனுப்பி வைக்கிறேன்'னாங்க."

வீட்டுக்கு வந்து முறைத்தேன். "எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு, ரத்தினம்."

"நல்லதாப் போச்சு. ஒரு மாசம் கழிச்சு மறுபடியும் காட்டச் சொல்லியிருப்பாரே? போகாதீங்க."

போனால் அவள் நினைத்தது நடக்கும். போகாவிட்டால் அவள் சொன்னது நடக்கும். ஒரு மாதம் யோசித்தேன். வெள்ளிக்கிழமை வந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"கத்திரிக்காய் வாங்கிடாதீங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இரண்டு கிலோ வாங்கி வந்தேன்.