பிரின்சிபால் கிடாயின் உத்தரவு

எழுபத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம். காரைக்குடியிலிருந்து கொத்தமங்கலம் போகிற சாலையில் ஓர் ஆட்டுக்கிடாய்க்கு இருந்த மரியாதை கலெக்டருக்குக்கூட இருந்ததில்லை. கலெக்டரைப் பார்க்க ஒரு மனு போதும். கிடாயைப் பார்க்க மாலை, தேங்காய், வாழைப்பழம், அதற்கு மேல் ‘மனசுக்குத் தோன்றியது’ எல்லாம் வேண்டும். எதுவும் தோன்றாதவர்களுக்கு என்ன தோன்ற வேண்டும் என்பதை கிடாய்ப் பந்தலில் எடுபிடியாக நின்ற மாயக்கண்ணன் காதோடு சொல்லிக்கொடுப்பான்.

பி.யூ.சி. பரீட்சை முடிவு வந்திருந்த நேரம் அது. பிள்ளையைச் சர்க்கார் காலேஜில் போடுவதா, பணம் கட்டித் தனியார் காலேஜில் போடுவதா என்று தலையைப் பிய்த்துக்கொண்ட பெற்றவர்களைத் திருப்பத்தூர் பஸ்ஸும் காளையார்கோவில் பஸ்ஸும் கூட்டங்கூட்டமாக அந்தப் பந்தல் வாசலில் இறக்கிவிட்டன. பந்தலுக்கு நடுவே மேடை. மேடையில் ஜரிகைத் துண்டு போர்த்திய கிடாய். கொம்பில் மல்லிகைப்பூ. நெற்றியில் விபூதிப் பட்டை. பக்கத்தில் புலித்தோல் மாதிரி சாயம் போட்ட ஜமுக்காளத்தில் வித்தியானந்த அடிகள். அவர் எந்தக் காலேஜில் படித்தார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அங்கே கேள்வி கேட்கும் உரிமை அடிகளுக்கு, பதில் சொல்லும் உரிமை கிடாய்க்கு. கிடாய்க்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் பிரின்சிபால்.

அடிகள் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. கருப்பருக்குக் கிடாய் வெட்டுமுன் அதன்மேல் தண்ணீர் தெளிப்பது நம் பக்கத்து வழக்கம். உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிலுப்பாவிட்டால், சிலுப்பும்வரை தெளிப்பார்கள். தன் கழுத்தை வெட்டக் கிடாயே சம்மதித்துவிட்டது என்று மனுஷனுக்கு ஒரு திருப்தி. அந்த வழக்கத்தை அடிகள் படிப்புப் பக்கம் திருப்பிவிட்டார். காலேஜ் பேரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றுவார். சிலுப்பினால் அந்தக் காலேஜ். இங்கே நீட்டுவது மட்டும் பெற்றவர்களின் கழுத்து.

இரும்புக்கடை வயிரவன் செட்டியார் குடும்பத்தோடு வந்து வரிசையில் நின்றார். அவர் மகள் சாலாவுக்கு மதுரை சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேரவேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்? சாலாவும் அதைத்தான் கேட்டாள்.

“ஊரே போய் உத்தரவு கேக்குது. நாம கேக்காமப் போயி, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?” என்றார் வயிரவன்.

“பரீட்சைக்கு ராவும் பகலுமாப் படிச்சது நான். உத்தரவு குடுக்கிறது ஆடா, அப்பச்சி?”

“ஆடுன்னு சொல்லாதே. பிரின்சிபால்னு சொல்லு.”

சாலாவின் ஆத்தா அகிலாண்டேஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருஷமாகப் புருஷனுக்கு முன்னால் பேசிப் பழக்கமில்லை. பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பதில் நல்ல பழக்கம்.

வரிசையில் முன்னால் நின்றவர் ஜவுளிக்கடை மீரான் சாகிபு. மகன் ஹபீப் ரகுமானை இன்ஜினீயருக்குப் படிக்கவைக்கும் ஆசை.

“என்ன பாய், நீங்களுமா?” என்றார் வயிரவன்.

“எங்க வீட்டுக்காரி கேட்டுட்டு வரச் சொன்னா, செட்டியாரே. எனக்கு ஆட்டுகிட்ட பேசிப் பழக்கமில்லை. எங்க வீட்டுல ஆடு வந்தா நேரே பிரியாணித் தேக்சாவுக்குள்ள போயிரும்.”

அவருக்கு முன்னால் இரண்டு பேர். முதலில் ஒட்டுப் போட்ட சட்டையோடு ஒருவர். அவர் மகனுக்குக் கிடாய் மதுரை சர்க்கார் காலேஜையே சிலுப்பிக் காட்டியது. அடுத்து வந்தவர் கழுத்தில் தங்கச்சங்கிலி மின்னியது. அவர் மகனுக்குச் சர்க்கார் காலேஜ் என்றதும் கிடாய் கல்லாய் நின்றது. மாநிலம் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு தனியார் காலேஜ் பேரைச் சொன்னதும் கொம்பிலிருந்து வால்வரை சிலுப்பியது. சட்டையைப் பார்த்துச் சர்க்கார், சங்கிலியைப் பார்த்துத் தனியார். தெய்வத்துக்குத்தான் எத்தனை கருணை! கட்ட முடியாதவனை அது கஷ்டப்படுத்துவதே இல்லை.

ஹபீபுக்கும் தனியார்தான் வந்தது. மீரான் சாகிபு தன் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அதைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டார். மறைக்கக் கொஞ்சம் பிந்திவிட்டது.

சாலாவின் முறை வந்தது. அடிகள் பந்தலோரம் வெயிலில் இருந்த பித்தளை அண்டாவிலிருந்து மஞ்சள்தண்ணீர் மொண்டார்.

“மதுரை!” என்று கிடாயின் முதுகில் மெதுவாக ஊற்றினார். கிடாய் கண்ணை மூடி அசைபோட்டது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள் என்று நினைத்ததோ என்னவோ.

“ஆகலை,” என்றார் அடிகள். “இந்தப் பொண்ணு மதுரைக்குப் போனா அங்கே ஒரு கண்டம் காத்திருக்கு.”

வயிரவனுக்கு முகம் வெளுத்தது. அடிகள் ஈரத்துணி சுற்றிவைத்திருந்த வெள்ளிக் கெண்டியை எடுத்தார். தனியார் காலேஜ் பேரைச் சொல்லி, உள்ளங்கையில் தண்ணீர் விட்டு, கிடாயின் முகத்துப் பக்கமாகச் சளீரென்று அடித்தார். கிடாய் சிலுப்பிய சிலுப்பில் மல்லிகைப்பூ அகிலாண்டேஸ்வரியின் மடியில் வந்து விழுந்தது.

“ஆத்தாடி! தாயார் மடியிலேயே பூ விழுந்திருச்சு!” என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மாயக்கண்ணன் எங்கிருந்தோ முளைத்தான். “அந்தக் காலேஜு ஆளுக எனக்குப் பழக்கம்தான், செட்டியாரே. நன்கொடையை மட்டும் ரெடி பண்ணுங்க. எடத்துக்கு நான் பொறுப்பு.”

நன்கொடை என்றால் மனமுவந்து கொடுப்பது என்று அகராதி சொல்லும். அகராதி எழுதியவர் பிள்ளையைக் காலேஜில் சேர்த்திருக்க மாட்டார்.

இரும்புக்கடை வருமானத்தில் அந்த நன்கொடை கனவிலும் ஆகாது. மறுநாள் சனிக்கிழமை காலையில் வயிரவன் வீட்டு வளவில் ஒரு பழம்பொருள் வியாபாரி நின்று தேக்குத்தூண்களை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நல்ல பர்மாத் தேக்கு. முட்டுக் குடுத்துட்டுப் பெயர்த்து எடுத்துரலாம்.”

“தூணைப் பெயர்த்தா மச்சு எதும்மேல நிக்கும், அப்பச்சி?” என்றாள் சாலா.

“செங்கல்லக் கட்டி நிறுத்திக்கலாம். உசுருக்குக் கண்டம்னு சொல்லியிருக்கு ஆத்தா. தூணா பெருசு?”

கோபப்படலாம் என்று பார்த்தால் அப்பச்சியின் கண் கலங்கியிருந்தது. ஏமாறுகிறவர்களிடம் உள்ள பெரிய சங்கடம் இதுதான், என் கண்ணுகளா. அன்பு இல்லாதவனை யாரும் அவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட முடியாது.

சாலா அழுகையை மறைக்கக் கிணற்றடிக்குப் போய், வாளிவாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். காதுக்குள் தண்ணீர் போய்விட்டது. தலையைச் சாய்த்து உதறு உதறென்று உதறினாள். துணி துவைத்துக்கொண்டிருந்த அகிலாண்டேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

“அடியே, நீயும் சிலுப்பிட்டியே! உனக்கு எந்தக் காலேஜுலேருந்து உத்தரவு வந்துச்சு?”

சொல்லிவிட்டுச் சிரித்தவள், பாதியில் நிறுத்தினாள். சாலாவும் உதறுவதை நிறுத்தினாள். ஆத்தாளும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆத்தா, மதுரைக்கு முதுகுல ஊத்துனாரு.”

“ஆமா. வெயில்ல காஞ்ச தண்ணி.”

“அந்தக் காலேஜுக்கு?”

“ஈரத்துணி சுத்துன கெண்டி. காதுக்குள்ளதாண்டி அடிச்சாரு! நான் பாத்தேன்.”

மீரான் சாகிபு வீட்டுக் கொல்லையில் நேர்த்திக்கு வளர்க்கிற ஆடு ஒன்று நின்றது. ஆத்தாளும் மகளும் வயிரவனைக் கையோடு அங்கே அழைத்துப்போய்ச் சோதித்துக் காட்டினார்கள். வெதுவெதுப்பான தண்ணீரை முதுகில் ஊற்றினால் அசைபோட்டது. குளிர்ந்த தண்ணீரைக் காதில் தெளித்தால் சிலுப்பியது. அது பரீட்சை எழுதியதில்லை. விபூதியும் பூசவில்லை.

“பாத்தீகளா, செட்டியாரே?” என்றார் மீரான் சாகிபு.

வயிரவன் நெடுநேரம் யோசித்தார். “இது சாதாரண ஆடு, பாய். அது பிரின்சிபால்.”

மீரான் சாகிபு நெற்றியில் அடித்துக்கொண்டார். “அப்பச் சரி. நாளைக்குப் பிரின்சிபாலையே கேட்டுருவோம்.”

ஞாயிற்றுக்கிழமை பந்தலில் கால்வைக்க இடமில்லை. சாலா நேரே மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

“சாமி, முந்தாநேத்து எனக்கு உத்தரவு சரியா வெளங்கலை. இன்னொரு தரம் கேக்கணும்.”

“பேஷாக் கேளு, குழந்தே.”

“இந்தத் தரம் மதுரைக்குக் கெண்டித் தண்ணி. மத்ததுக்கு அண்டாத் தண்ணி. மாத்தி ஊத்துங்க, அவ்வளவுதான்.”

அடிகளின் புன்னகை தாடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. “மந்திரம் ஏத்தின தீர்த்தம். மாத்தினா தலை வெடிச்சுப்போகும்.”

“யார் தலை, சாமி? உங்க தலையா, கிடாய் தலையா?” என்றார் மீரான் சாகிபு.

“ஏய்! சாமிகிட்ட மரியாதையாப் பேசு!” என்று இரண்டு பேர் கையை மடக்கினார்கள். வயிரவன் சாலாவின் கையைப் பிடித்து இழுத்தார். “வா ஆத்தா, போயிருவோம். சாபம் கீபம் போட்டுருவாரு.”

அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைத்த நேரத்தில் அகிலாண்டேஸ்வரி மேடையேறினாள். யாரும் தடுக்கவில்லை. முந்தாநாள் பூ விழுந்த தாயார் அல்லவா! தரிசனத்துக்குப் போகிறாள் என்று வழிவிட்டார்கள். அடிகளும் ஆசீர்வாதம் செய்யக் கையைத் தூக்கினார். அந்தக் கைக்குக் கீழே புகுந்து அவள் கெண்டியை எடுத்தாள். கிடாயைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“ஐயா, பிரின்சிபாலே! எங்க வீட்டுத் தூணை விக்கச் சொல்ற இந்தச் சாமி, பொய்யா சொல்றாரு?”

சளீரென்று காதில் ஒரு கை தண்ணீர்.

கிடாய் சிலுப்பியது. கொம்பிலிருந்து வால்வரை சிலுப்பியது. நெற்றி விபூதி பறந்துபோய் அடிகளின் தாடியில் அப்பியது.

கூட்டத்தில் எங்கோ ஒரு சிரிப்புக் கிளம்பியது. அது பந்தல் முழுக்கப் பரவியது.

“கிடாய்க்கு இன்னைக்கு மேலுக்குச் சரியில்லே!” என்று அடிகள் கத்தினார்.

“அப்ப வெந்நீர் ஊத்துவோம்,” என்ற அகிலாண்டேஸ்வரி, அண்டாத் தண்ணீரை மொண்டு முதுகில் ஊற்றினாள். “பிரின்சிபாலே, நீங்க சொல்லுங்க. சாமி யோக்கியரா?”

கிடாய் கண்ணை மூடி அசைபோட்டது.

அதற்குள் மாயக்கண்ணன் திருப்பத்தூர் பஸ்ஸைப் பார்த்து நடையைக் கட்டினான். நடை ஓட்டமானது. அதைப் பார்த்ததும் அடிகளுக்கு ஞானம் எல்லாம் போய்ச் சொந்தக் குரல் வந்துவிட்டது.

“டேய் மாயக்கண்ணா! காலேஜுல வாங்கின கமிஷன்ல என் பங்கைக் குடுத்துட்டு ஓடுடா, திருட்டுப் பயலே!”

சொல்லி முடித்த பிறகுதான், தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை சங்கிலி போட்டு வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அடிகள் ஜமுக்காளத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கண்மாய்க்கரை ஏறி ஓடினார். ஓட்டத்தில் மட்டும் முதல் வகுப்பு.

வயிரவன் மேடைக்கு அருகே நின்றபடி மெதுவாகக் கேட்டார்: “அப்ப அந்தத் தனியார் காலேஜு மோசமா, சாலா?”

“தனியாரெல்லாம் மோசம்னு நான் சொல்லலை, அப்பச்சி. நல்லதும் இருக்கும். மதுரையில காலேஜுக்குப் பக்கத்துலயே பெரிய ஆஸ்பத்திரி, நாள் முச்சூடும் நோயாளி. இவுக சொன்ன எடத்துல ஆஸ்பத்திரி இருக்கா? சொல்லிக்குடுக்க ஆளு இருக்கா? போய்ப் பாத்தீகளா, யாரையாச்சும் கேட்டீகளா? ஆட்டைத்தானே கேட்டீக.”

வீட்டுக்கு வந்ததும் வயிரவன், வளவில் காத்திருந்த வியாபாரியை வெறுங்கையோடு அனுப்பிவைத்தார். பிறகு ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “ஏன் அகிலாண்டம், இத்தனை நாளா இவ்வளவு பேச்சையும் எங்கே வச்சிருந்தே?” என்றார்.

“நீக எங்கே கேட்டீக?” என்றாள் அவள்.

திங்கட்கிழமை சாலா மதுரைக்குப் போய்ச் சேர்ந்தாள். கண்டம் ஒன்றும் காத்திருக்கவில்லை. விடுதிச் சாம்பார் மட்டும் காத்திருந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆளில்லாமல் நின்ற கிடாயை மீரான் சாகிபு தன் கொல்லைக்கு ஓட்டிக்கொண்டுபோய்க் கட்டினார். மறுநாள் விடிந்ததும் வாசலில் கூட்டம். தேங்காய், மாலை, வாழைப்பழம்.

“யாரைப் பாக்க வந்தீக?” என்றார் அவர்.

“கிடாயைத்தான் பாய்! சாமியார்தான் போலி. பிரின்சிபால் அசல் தெய்வம். சாமியார் பொய் சொல்றாருன்னு அத்தனை பேர் முன்னால தைரியமாச் சொன்னதே அதுதானே!”

மீரான் சாகிபு கொஞ்ச நேரம் கூட்டத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கிடாயைப் பார்த்தார்.

“உங்களைவிட இது புத்திசாலிதான். ஒத்துக்கிறேன்,” என்று கதவைச் சாத்தினார்.

அவர் சொன்னது சரிதான். காதில் வேண்டாதது விழுந்தால் அந்த ஆடு அந்தக் கணமே தலையைச் சிலுப்பி வெளியே தள்ளிவிடுகிறது. நமக்கும் காது இருக்கிறது, தலையும் இருக்கிறது. சிலுப்பத்தான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.