படத்தில் இருந்தபடி

தோசையைத் திருப்பும்போது இசக்கிதுரையின் வலது இடுப்பில் சுருக்கென்று குத்தியது. தோசை நழுவித் தரையில் விழுந்தது.

"மாஸ்டரே, இன்னிக்கு இது மூணாவது," என்றார் முதலாளி சிஜு. "திங்கட்கிழமைக்குள்ள சரியாகணும். இல்லேன்னா தோசை மெஷின் வாங்கிடுவேன், கேட்டோ."

கொச்சி மட்டாஞ்சேரியில் அந்தத் தோசைக்கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் பழைய மாஸ்டர் நீலகண்டன். இசக்கிதுரை அவரைப் பார்த்ததில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தில்தான் பழக்கம். படத்தில் அவர் வலது காலை ஒரு மரக்கட்டைமேல் வைத்து, கரண்டியும் கையுமாக நின்றார். தொழில் ரகசியம் அந்த நிலையில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டிய இசக்கிதுரை, இரண்டு வருஷமாக அதே கட்டைமேல் அதே காலை வைத்துத்தான் தோசை ஊற்றினான்.

முதலில் தைலம் தேய்த்தான். சட்னியில் மருந்து வாடை அடிக்கிறது என்று இரண்டு பேர் எழுந்து போனார்கள். அடுத்து இடுப்புக்கு பெல்ட் வாங்கி இறுக்கினான். குனிய முடியாமல் ஊற்றியதில் ஒரு தோசைகூட வட்டமாக வரவில்லை.

வேலை போனால் தென்காசியில் படிக்கிற இரண்டு பிள்ளைகளின் கதி என்ன? படத்தை உற்றுப் பார்த்தான். படத்தில் கட்டை நல்ல உயரம். இப்போதோ மிதிபட்டுத் தேய்ந்து கிடந்தது.

"அதான் வலிக்கி! நிலை தப்பிப்போச்சு," என்று கட்டைமேல் இன்னொரு பலகையை வைத்து ஆணி அடித்தான்.

மறுநாள் மத்தியானம் அவனால் நடக்கவே முடியவில்லை.

சாயா குடிக்க வந்த பிசியோதெரபிஸ்ட் ஷீஜா, அவனைப் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் பெஞ்சில் படுக்கவைத்து, டேப்பால் கால்களை அளந்தாள்.

"எப்படி நின்னு வேலை பாக்கறீங்க, சேட்டா?"

"எங்க பழைய மாஸ்டர் நின்ன மாதிரியேதான்," என்றான் பெருமையாக.

"எலும்புல ஒண்ணும் இல்ல. காலும் ரெண்டும் ஒரே நீளம். பின்ன எதுக்கு வலிக்குது?"

இருபது வருஷமாக அங்கே தட்டு கழுவும் முனியாயி, கழுவிய தட்டைக் கீழே வைத்தாள்.

"ஒரே நீளமா? நீலகண்டன் அண்ணாச்சி மாதிரி ஒனக்கும் வலது காலு குட்டைன்னு நெனச்சுல்லா, தம்பி, தெனமும் அந்தக் கட்டையக் கழுவிக் கழுவி எடுத்து வச்சேன்!"