மூன்று நிழல் குண்டன்

கடைசியாக அவள் கேட்டது நாலு டப்பாவுக்குப் பெயர்ச்சீட்டு. உப்பு, சர்க்கரை, மாவு, மிளகு.

அவள் வீட்டுக்காரர் அச்சகக்காரர். அவருக்கு அச்செழுத்து என்றால் ஒரே ஒரு வடிவம்தான். பழைய சோடா விளம்பரங்களைப் பார்த்து அவரே கணினியில் வரைந்தது. தொந்தியும் தொப்பையுமாக, முதுகுக்குப் பின்னால் மூன்று நிழலோடு நிற்கும். அதற்குக் குண்டன் என்று பெயர் வைத்தவள் அவள்தான். சர்க்கஸ் வந்தாலும் குண்டன், சலவைக் கடை திறந்தாலும் குண்டன். டப்பாவுக்கும் அவனே வந்தான். சர்க்கரை என்ற சொல் டப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

"ஏங்க, சர்க்கரைன்னு எழுதச் சொன்னா ஊரைக் கூட்டுறீங்க. ஒரு தடவையாவது சின்னதா எழுதக் கூடாதா?"

"சின்னதா எழுதுறதுக்கு நான் எதுக்கு?" என்றார் அவர்.

அன்று மாலை நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

தான் சொன்ன அந்தப் பதில் அவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டம். அந்த அறிவிப்பையாவது அவள் கேட்டபடி செய்துவிடுவது என்று தீர்மானித்தார். இருப்பதிலேயே ஒல்லியான எழுத்தைத் தேடிப் பிடித்து, பெரிய தாளின் நடுவில் சின்னதாக அச்சடித்துக் கடை வாசலில் ஒட்டினார்.

தெருவில் போகிறவர்களுக்கு அது வெற்றுத் தாள். யாரோ ஒருவர் அதன் ஓரத்தில் ஒரு தொலைபேசி எண்ணைக் குறித்து, கிழித்துக்கொண்டும் போய்விட்டார்.

"மாமா, இப்படியே விட்டா அக்காவுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. குண்டனைக் கூப்பிடுங்க" என்றார் மைத்துனர்.

மனசில்லாமல் கூப்பிட்டார். குண்டன் வந்ததும் வாசலில் கூட்டம் சேர்ந்தது. எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று விசாரித்தார்கள். ஓர் அம்மாள் பையை விரித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்.

நிழல்தான் கும்மாளம் போடுகிறது என்று மூன்றையும் கழற்றினார். காலியான இடத்தை அடைக்க எழுத்தைப் பெருக்கினார். இப்போது தாளில் அவள் பெயர் மட்டுமே நின்றது. தேதிக்கும் இடத்துக்கும் இடமில்லை. எந்தத் தியேட்டரில் ஓடுகிறது என்று ஒருவர் கேட்டார்.

வேறு வழியில்லாமல் தாளுக்குப் பக்கத்தில் அவரே போய் நின்றார். அவள் போய்விட்டாள் என்று அதுவரை வாய்விட்டு ஒருவரிடமும் சொல்லாதவர், ஒரே நாளில் நாற்பது பேரிடம் சொன்னார்.

மண்டபம் நிறைந்துவிட்டது. பேச எழுந்தவருக்கு ஒன்றுதான் வந்தது: அவ சின்னதா எழுதச் சொன்னா; கடைசி வரைக்கும் நான் எழுதல.

கூட்டம் கலைந்த பிறகு மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு சின்னப் பெட்டியோடு தயங்கித் தயங்கி வந்தார். அவள் அளவு கொடுத்துவிட்டு இரண்டு வருஷமாக வாங்காமலே விட்ட கண்ணாடியாம். அவள் கண்ணில் குறை இருந்ததே அச்சகக்காரருக்குத் தெரியாது.

"ஏன் வாங்கல?"

"வேண்டாம்னுட்டாங்க சார். அவர் எழுத்து ஒண்ணுதான் எனக்கு வெறுங்கண்ணுல தெரியுது, அது போதும்னாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லிடக் கூடாதாம், இன்னும் பெருசாக்கிடுவீங்களாம்."

சர்க்கரை டப்பாவை இன்றும் ஒரு சுற்றுத் திருப்பித்தான் படிக்க வேண்டும்.