பலாப்பழத்தை நம்பிக் கட்டிய சறுக்கு

மே பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் பல் துலக்கினேன். மழைமானியைப் பார்த்து, மழை இல்லை என்று டைரியில் எழுதினேன். காப்பி குடித்தேன். காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் உத்தியோகம். கரடியூரில் எங்கள் வீட்டு ஞாயிறுகூட வரிசை தப்பாது. எதையும் சோதிக்காமல் செய்யமாட்டேன். (சாம்பாரில் உப்பு பார்க்க எனக்கென்று தனிக் கரண்டியே உண்டு.)

அன்றைக்குச் சோதிக்க வேண்டியிருந்தது தண்ணீர்ச் சறுக்கு. லீவுக்குச் சேலத்திலிருந்து வந்திருந்த மச்சினன் பிள்ளைகளிடம், "எங்கப்பா கொல்லையிலயே சறுக்கு கட்டுவாரு. உங்க தீம் பார்க்கைவிட நொம்ப வேகமாப் போகும்" என்று என் மகள் யாழினி சவால் விட்டிருந்தாள்.

மச்சினன் சிரித்தான். "மாமா சோதிச்சு முடிக்கறதுக்குள்ள லீவு முடிஞ்சுருமுங்க."

மகளின் மானம் என் கையில்.

கொல்லைச் சரிவில் முதலில் நீலத் தார்ப்பாயை விரித்தேன். ஆளை இறக்கிச் சோதிப்பது ஆபத்து என்பதால், யாழினியின் எடைக்குக் கிட்டத்தட்ட வருகிற பலாப்பழம் ஒன்றைப் பறித்து வைத்திருந்தேன். அது பாதியிலேயே படுத்துக்கொண்டது. அடுத்து, காப்பி காயப்போடும் பிளாஸ்டிக் பாய். இன்னும் கொஞ்சம் நகர்ந்தது, அவ்வளவுதான். கடைசியில் மச்சினனின் புதுமனை புகுவிழா ஃபிளெக்ஸ். (மழைக்காலத்தில் விறகு மூட வாங்கி வைத்தது.) படத்தில் அவன் கும்பிட்டபடி வானத்தைப் பார்த்துச் சிரிக்க, மேலே தண்ணீர் விட்டு ஷாம்புவும் ஊற்றினேன். பழம் அடிவரை வந்து, தடுப்புக்கு வைத்திருந்த சருகு மூட்டையைத் தொட்டு மரியாதையாக நின்றது.

"அப்பா, பலாப்பழத்துக்குப் புடிச்சு நிக்க முள்ளு இருக்குதே?" என்றாள் யாழினி.

"அதெல்லாம் கணக்குல எடுத்தாச்சு கண்ணு." (எடுக்கவில்லை.)

கட்டியவன்தான் முதலில் இறங்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். மச்சினனின் கும்பிட்ட கைகளைத் தாண்டியதுவரை நினைவிருக்கிறது. சருகு மூட்டையும் என்னோடு கிளம்பிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பொன்னம்மாக்கா பாயில் காயப்போட்டிருந்த மிளகில் போய் உருண்டு நின்றேன். ஈர உடம்பில் மிளகு ஒட்டாத இடமில்லை.

பொன்னம்மாக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க ரைட்டர், மிளகு பொரட்டியாச்சு. எண்ணெ காய வெக்கட்டுங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது.

மேட்டிலிருந்து பிள்ளைகள் கத்தினார்கள்: "மாமா பறந்தாருடோய்! தீம் பார்க்கெல்லாம் சும்மா!"

யாழினி இல்லாத காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். மச்சினன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "மாமா, அடுத்து நானுங்க!"

தும்மலுக்கு நடுவே எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததை மறைக்க மாட்டேன்.

இன்றும் எங்கள் வீட்டில் மிளகு ரசம் கொதித்தால், "அப்பா இறங்கியாச்சா?" என்று கேட்காமல் யாரும் தட்டை எடுப்பதில்லை.

மறுநாள் காலை, பல் துலக்குவதற்கும் முன்னால், மச்சினனும் நானும் முதலில் செய்தது: பொன்னம்மாக்காவின் மிளகை ஷாம்பு போக அலசி, பாயோடு தூக்கி அவர் தோட்டத்தின் மறுபக்க மேட்டுக்கு மாற்றியதுதான்.

சறுக்கை ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை.