எலுமிச்சம்பழம் போட்ட சாலை

சென்னைக்கு அடுத்த இருபது ஆண்டுகளில் எங்கெங்கே புதுச் சாலை வேண்டியிருக்கும் என்று அறிய, அரசாங்கத்தார் தாம்பரத்தில் சாலையோரம் நான்கு பேரை முக்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். போகிற லாரி, பஸ், மாட்டுவண்டி எல்லாவற்றையும் அவர்கள் மாதக்கணக்காக எண்ணினார்கள். பாவம், விஷயம் தெரியாதவர்கள். பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பந்தலில் சாலைச் சாமியார் அதே வேலையை ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து அரை நிமிடத்தில் முடித்துக்கொண்டிருந்தார்.

வண்டலூரிலிருந்து வந்தார்கள், மாடம்பாக்கத்திலிருந்து வந்தார்கள். எண்ணுகிற நால்வரில் ஒருவரே சாப்பாட்டு வேளையில் வந்து, மாமனார் வீட்டுக்கு ஆபத்து உண்டா என்று கேட்டுப் போனாராம்.

காவித்துணி தரைவரை தொங்கும் ஒரு மேஜை. அதன்மேல் வட்டார வரைபடம். கற்பூரம் ஏற்றி, பழத்தை நடுவில் வைத்து, சாமியார் கையை எடுப்பார். பழம் உருளும். எந்த மனைமேல் உருள்கிறதோ, அதன்மேல்தான் சாலை. அது தினமும் ஏரிக்கரைத் தெருவின் மேலேயே உருண்டது. அந்தத் தெருவினர் அழுதார்கள். அழுதவர்களின் வீடுகளைக் கிடைத்த விலைக்கு வாங்கிக்கொள்ள, பந்தல் ஓரத்திலேயே நிலத்தரகர் சம்பந்தம் இரக்கத்தோடு நின்றார். அரசாங்கம் இடிக்கப் போகிற வீடு இவருக்கு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பயந்தவனுக்குக் கேள்வி வராது.

பால்காரக் கன்னியம்மாவுக்கும் வரவில்லை. நான்கு எருமைகளும் ஏரிக்கரைத் தெருவில் ஒரு வீடும் அவள் சொத்து. வெள்ளிக்கிழமை சம்பந்தத்துக்குக் கைநாட்டு வைப்பதாக ஒப்புக்கொண்டிருந்தாள். வியாழன் காலை, பூகோள டீச்சர் மெட்டில்டாவுக்குப் பால் அளந்தபடியே சொன்னாள்:

"நாளைலேர்ந்து வேற ஆளப் பாத்துக்க டீச்சர். வூடு போவுது. எருமைங்கள எங்க கட்டறது?"

மெட்டில்டா காலையும் மாலையும் ஜெபம் செய்கிறவர். ஆனாலும் எதையும் ஒருமுறை சரிபார்க்கிற கெட்ட வழக்கம் உண்டு. புத்தி சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பள்ளிக்கு அரைநாள் லீவு எழுதி அனுப்பிவிட்டு, குடையோடு அவளுக்குத் துணையாகப் பந்தலுக்குப் போனார்.

கற்பூரம் எரிந்தது. எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். டீச்சரும் குனிந்தார், கும்பிட அல்ல. காவித்துணியைத் தூக்கிப் பார்த்தார். வரைபடத்தில் ஏரிக்கரைத் தெரு இருந்த பக்கத்துக் கால்கள் இரண்டும் ஓர் அங்குலம் குட்டை. அவர் நல்ல பெண்மணி. கோணல் மேஜையைக் கண்டால் பொறுக்காது. பையிலிருந்த மாணவர் நோட்டுகளைக் கட்டையான கால்களுக்கு அடியில் செருகினார், ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடவே.

"மேஜை சாஞ்சிருந்தது சாமி. சரி பண்ணிட்டேன். இப்ப பழத்தை விடுங்க."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. சாமியாருக்கு வேறு வழியில்லை. கையை எடுத்தார். பழம் சற்றே யோசித்தது. பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி, ஏரியைத் தாண்டி, ரயில்பாதையைக் கேட்டில் நிற்காமல் கடந்து, சம்பந்தத்தின் புது மாடிவீட்டுத் தெருவில் ஏறிற்று.

சம்பந்தம் சாமியாரிடம் பாய்ந்தார்.

"மச்சான், அந்த நோட்ட எட்றா. என் வூட்டு மேல போவுது பாரு."

பந்தலே கேட்டது. சாமியார் யாருடைய மைத்துனர் என்பது தெரிந்துவிட்டது. அதைவிட வேடிக்கை, மேஜைக் காலைத் தம் கையாலேயே அறுத்த சம்பந்தமும் அந்தப் பழத்தை நம்பிவிட்டார்.

கன்னியம்மாதான் முதலில் சிரித்தாள். "இன்னா சாமி, சர்க்காரு ரோடு நாலு நோட்டுக்கு வயி மாறுமா?"

அடிக்கக் கை ஓங்கியவர்களை டீச்சர் தடுத்தார். சாமியாருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை டீச்சர் வீட்டுக்கு வழக்கம்போல் பால் வந்தது. பழத்தைக் கன்னியம்மா பிழிந்து, வெயிலில் வண்டி எண்ணிய நால்வருக்கும் சர்பத் கொடுத்தாள். போக்குவரத்துக்கு அந்தப் பழம் செய்த உண்மையான சேவை அது ஒன்றுதான்.

சாலை வந்தாலும் வரலாம். வந்தால் அதிகாரிகள் நோட்டீஸ் அனுப்புவார்கள். போய்க் கேட்கலாம், சண்டையும் போடலாம். அதுவரை யார் காலில் வேண்டுமானாலும் விழுங்கள். குனிந்ததுதான் குனிந்தீர்கள், மேஜையின் காலையும் கொஞ்சம் பாருங்கள்.