பதினெட்டாம் விதியும் முப்பத்தோராம் பக்கமும்

அன்று காலை பல் தேய்க்கும்போதே விதியார் முடிவெடுத்துவிட்டார். யார் என்ன சொன்னாலும் பதினெட்டாம் விதியில் கை வைக்கப்போவதில்லை.

விதியார் என்பது அலுவலகம் வைத்த பெயர். கைபேசியில் கடன் கொடுக்கிற ஆப், பணம் அனுப்புகிற ஆப், இன்று வாங்கி அடுத்த மாதம் கட்டு என்கிற ஆப் எல்லாவற்றையும் கட்டுக்குள் வைக்கிற ஆணையத்தில் அவர் துணை இயக்குநர். தினம் ஒரு ஆப் முளைக்கும். அதற்கொரு விதியை இவர் எழுதுவார். நாட்டுக்கே விதி எழுதுகிறவர் என்று வெளியே பேச்சு. வீட்டில் அவர் விதியை எழுதியவள் அவர் மனைவி.

அவள் ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுப்பவள். மருந்து அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிப்பாள்.

“ஏங்க, உங்க வரைவுல அந்தப் பதினெட்டாம் விதி என்ன சொல்லுது?” என்று காபியை வைத்துக்கொண்டே கேட்டாள்.

“கம்பெனி உனக்கு ஒரு புதுச் சேவையை அனுப்புது. ஏழு நாளைக்குள்ள வேண்டாம்னு சொல்லலேன்னா, நீ ஒத்துக்கிட்டதா அர்த்தம்.”

“பேசாம இருந்தா ஒத்துக்கிட்டதாவா?”

“நம்ம வீட்டுலயே அப்படித்தானே? மசாஜ் நாற்காலி வாங்கட்டுமான்னு கேட்டேன். நீ பேசல. வாங்கினேன்.”

“அன்னிக்கு நான் பல்லு புடுங்கிட்டு வாயில பஞ்சோட இருந்தேங்க.”

“எப்படியோ, பேசல.”

அவள் விடவில்லை. “கீழ்வீட்டுத் தையல்காரம்மா தலையில ஒரு ஆப் இப்படித்தான் கடனைக் கட்டிடுச்சு. அவங்க கேக்கவே இல்ல. வந்த செய்தியையும் பாக்கல. இப்போ மாசாமாசம் பணம் புடிக்கிறான். தையல் மெஷினை வித்துடலாமான்னு யோசிக்கிறாங்க.”

“புதுத் தொழில்நுட்பம்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். கழுத்தை நெரிச்சா வளராது. இதெல்லாம் உனக்குப் புரியாது.”

அவள் பேசவில்லை. அதையும் சம்மதமாக எடுத்துக்கொண்டு விதியார் அலுவலகம் கிளம்பினார்.

வரைவு, பொதுமக்கள் கருத்துக்காக ஒரு மாதம் இணையத்தில் கிடந்தது. முந்நூறு கருத்துகள் வந்தன. கருத்து எழுதியவர் பெயர் அதிகாரிக்குத் தெரியக்கூடாது, எண் மட்டும்தான் தெரியலாம். அந்த விதியை எழுதியதும் விதியார்தான்.

வந்த கருத்துகளில் நூற்றுப் பதினேழாம் எண் அவரைப் பாடாய்ப் படுத்தியது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

“‘தூங்குகிறவர் பேசமாட்டார். மயக்கத்தில் இருப்பவரும் பேசமாட்டார். இவர்களெல்லாம் கடன் கேட்டார்கள் என்கிறதா ஆணையம்? நாற்பது பக்க நிபந்தனையை யாரும் படிப்பதில்லை. எவ்வளவு, எப்போது கட்டுவது, எப்படி விலகுவது, மூன்றே வரியில் சொல்லச் சொல்லுங்கள்.’ எவனோ வேலைவெட்டி இல்லாத வக்கீல்.”

“கேள்வி சரியாத்தானே இருக்கு?”

“இது கேள்வி இல்ல, கேலி.”

“பதில் இல்லேன்னா எல்லாக் கேள்வியும் கேலி மாதிரிதாங்க தெரியும்.”

விதியார் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோய், ஆறு பக்கத்துக்கு மறுப்பு எழுதினார். பிழை திருத்த அவளிடமே கொடுத்தார். அரை மணியில் சிவப்பு மையோடு திரும்பி வந்தது.

“தலைப்புலயே தப்பு. மறுப்புக்கு வல்லின ‘று’ போடணும். நீங்க போட்டிருக்கிற ‘மருப்பு’ன்னா யானைத் தந்தம்.”

“கருத்து எப்படி?”

“அது அவங்கவங்க கருத்து. நான் பிழை மட்டும்தான் பாப்பேன்.”

கருத்து எழுதியவர்களில் மூன்று பேரை நேரில் விசாரிக்க ஆணையத் தலைவர் அழைத்திருந்தார். மறுப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு விதியார் காத்திருந்தார். நூற்றுப் பதினேழு என்று கூப்பிட்டார்கள். கதவு திறந்தது. காலையில் “நானும் கொஞ்சம் வெளியே போயிட்டு வரேங்க” என்று சொன்னவள், கோப்போடு உள்ளே வந்தாள்.

விதியார் சுருட்டிய மறுப்பை விரித்து எண்ணைச் சரிபார்த்தார். நூற்றுப் பதினேழேதான்.

தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்களுக்குள்ள அறிமுகம் உண்டா?”

“பத்தொன்பது வருஷமா,” என்றாள் அவள்.

“இவர் சொல்லித்தான் எழுதினீங்களா?”

“இல்லீங்க. எனக்குப் புரியாதுன்னு சொல்லிட்டாரு. அதனால இணையத்துல இருந்ததை எடுத்து நானே படிச்சேன்.”

விதியார் சுதாரித்துக்கொண்டார். “சார், நிபந்தனையைப் படிக்க எல்லா வசதியும் இருக்கு. படிக்காதது வாடிக்கையாளர் தப்பு.”

அவள் தன் கைபேசியை நீட்டினாள். “இதுல நாப்பது பக்கத்துக்கு ஒரு ஒப்பந்தம் தயார் பண்ணியிருக்கேன். நீங்களே வாடிக்கையாளரா இருந்து காட்டுங்க.”

விதியார் பெருவிரலால் ஒரே தள்ளாகத் தள்ளி, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தினார். நாலு விநாடி. “எவ்வளவு சுலபம், பாத்தீங்களா சார்,” என்று நிமிர்ந்தார்.

“முப்பத்தோராம் பக்கத்தை மட்டும் படிச்சிடுங்க,” என்று அவள் கைபேசியைத் தலைவரிடம் கொடுத்தாள்.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். “‘இதை ஒப்புக்கொள்பவர் ஞாயிறுதோறும் மூன்று வேளைச் சமையலையும் ஏற்கிறார். காலவரை கிடையாது.’”

அறையே குலுங்கியது. குறிப்பெடுப்பவர் மேசைக்கடியில் பேனாவைத் தேடினார். பேனா அவர் காதில் இருந்தது.

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, அவள் தையல்காரம்மாவின் கதையைச் சொன்னாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. விதியார் கையிலிருந்த மறுப்பை மெதுவாக நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். தந்தமாகவே இருந்திருந்தாலும் இனி அதனால் குத்த முடியாது.

ஒரு வாரம் உட்கார்ந்து புதிய பதினெட்டாம் விதியை எழுதினார். கேட்டவருக்குத்தான் கடன். விவரம் மூன்று வரியில். கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். கம்பெனிகள் கத்தின. விதியார் அசையவில்லை. பத்திரிகைகள் பாராட்டின. வெளிநாட்டு ஆணையங்கள் பிரதி கேட்டு எழுதின. தையல்காரம்மாவின் தலையில் கடனைக் கட்டிய கம்பெனி, ஊர் வாய்க்குப் பயந்து, விதி வருவதற்கு முன்பே அதை ரத்து செய்து பிடித்ததையும் திருப்பிக் கொடுத்தது. அந்தம்மா அளவே எடுக்காமல் தைத்த சட்டை விதியாருக்குக் கனகச்சிதம். அதைப் போட்டுக்கொண்டு போய்த்தான் பாராட்டுக் கூட்டத்தில் மாலை வாங்கினார். பதவியிலிருந்த ‘துணை’ போய், முழு இயக்குநராகத் திரும்பி வந்தார்.

“துணை போயிடுச்சேன்னு கவலைப்படாதீங்க. நான் இருக்கேன்,” என்றாள் அவள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புது விதி வேலை முடியட்டும் என்று அவள் அதுவரை விட்டுவைத்திருந்த சமையல் முறை அன்று தொடங்க வேண்டும். விதியார் சமையலறை வாசலில் விதிப் புத்தகத்தோடு வந்து நின்றார். முகத்தில் நேற்றைய மாலையின் வெளிச்சம் இன்னும் இருந்தது.

“பதினெட்டாம் விதியின்படி, முப்பத்தோராம் பக்கத்துக்கு நான் கொடுத்த ஒப்புதலை இந்த நிமிடம் திரும்பப் பெறுகிறேன்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். கடைசிப் பக்கத்தைப் பிரித்து, அடிக்குறிப்பில் விரலை வைத்தாள்.

“‘இவ்விதி அமலுக்கு வருமுன் கொடுத்த ஒப்புதல்களுக்கு இது பொருந்தாது.’ கீழ இருக்கிற கையெழுத்து உங்களோடதுதானே?”

விதியார் இரண்டு முறை படித்தார். மிகத் தெளிவாக எழுதியிருந்தார்.

புதுச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு இயக்குநர் கேட்டார்:

“உப்பு எந்த டப்பாவுல இருக்கு?”